கந்தூரிக்குப் புறப்படும் முன்



புதுச்சேரியில் குத்பா பள்ளிவாசலை அடுத்த வீதி ஒன்றில் வசிக்கும் சகோதரி ஒருவர், நான்கு பக்கங்களுக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் பெயரை வெளியிடவில்லை. அவருடைய மாமியாருக்கு வயது 74. மகன் குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சல் கண்டு கிடந்ததாகவும், பிள்ளை பிழைத்தால் நாகூர்க் கந்தூரிக்குக் குடும்பத்தோடு போய் ஏழைகளுக்குச் சோறாக்கிப் போடுவதாக அல்லாஹ்வுக்கு நேர்ந்துகொண்டதாகவும் அந்தத் தாய் சொல்கிறார். பிள்ளை பிழைத்தார். வியாபாரம், திருமணம், குழந்தைகள் என்று காலம் ஓடிவிட்டது. இப்போது அந்த அம்மாள், "என் கண் மூடுவதற்குள் நேர்ச்சையை நிறைவேற்ற வேண்டும். சந்தனக்கூட்டு இரவில் பக்கீர்மார்கள் தாயிரா அடித்துப் பாடுவதையும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்" என்கிறார்.

தங்குவதற்கு அறை கிடைக்கவில்லை. தார்ப்பாய் கட்டி மூன்று நாட்கள் திறந்தவெளியில் தங்கிவிடலாம் என்பது நாத்தனாரின் யோசனை. கணவரோ, "கொட்டும் பாட்டும் நெரிசலும் நமக்கு வேண்டாம். பணத்தை அனுப்பிவிடுவோம்" என்று முடித்துவிட்டார். பதினைந்து நாட்களாகத் தாயும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஒன்பது வயதில் ஒரு மகன், நான்கு வயதில் ஒரு மகள். "நாங்கள் இதுவரை வெளியில் எங்கும் இப்படித் தங்கியதில்லை. போகலாமா? போவதானால் என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

என்னென்ன எடுத்துச் செல்வது என்பது எளிய கேள்வி. போகலாமா என்பதே கடினம். எனவே முதலில் அதையே பார்ப்போம்.

சகோதரியே, உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அதை அவரிடமே சொல்லிவிடுங்கள். பேச்சுத் தொடங்க அது உதவும். கூட்டத்தில் ஆணும் பெண்ணும் இடித்துக்கொண்டு நிற்பது, பாட்டுக் கேட்கும் மயக்கத்தில் இஷாவும் ஃபஜ்ரும் தவறிப்போவது, அறியாதவர்கள் கப்றின் முன் நெற்றியைத் தரையில் வைப்பது, இவையெல்லாம் எந்த ஆலிமும் ஏற்காதவை. சிரம் தாழ்த்துவது அல்லாஹ் ஒருவனுக்கே என்பதை உங்கள் ஒன்பது வயது மகனுக்குப் பயணத்திற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவையுங்கள். அங்கே போய்க் கூட்டத்திற்கு நடுவில் சொன்னால் அவனுக்கு ஏறாது.

இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு இருந்து வருகிறது. இசைக்கருவிகள் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்பவர்கள் உண்டு. பெருநாள் ஒன்றில் ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் தஃப் அடித்துப் பாடிக்கொண்டிருந்ததையும், அபூபக்ர் (ரலி) அதட்டியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடும்படி கூறியதையும் எடுத்துக்காட்டுவோரும் உண்டு. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி அது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீனில் இப்பொருளுக்கென்றே தனி நூற்பகுதி ஒதுக்கி எழுதியிருக்கிறார்கள். பாட்டைக் கேட்பதற்கு ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) கூறிய மூன்று நிபந்தனைகளை அங்கே எடுத்துரைக்கிறார்கள்: காலம், இடம், உடனிருப்போர். தொழுகை நேரத்திலோ உணவு நேரத்திலோ கேட்கலாகாது. உள்ளத்தைக் கலைக்கும் இடத்தில் கேட்கலாகாது. தகாதவர்களோடு அமர்ந்து கேட்கலாகாது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூல் அது. என்றாலும் கந்தூரிக்குப் புறப்படும் குடும்பம் மூட்டை கட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் இவைதாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்போது போவது? எங்கே இருப்பது? யாரோடு இருப்பது?

இந்த மூன்றுக்கும் உங்கள் கணவரிடம் நல்ல விடை சொல்ல முடியுமானால் போய் வாருங்கள் என்பதே என் எண்ணம். நேர்ச்சையைப் பணமாக அனுப்பினால் நிறைவேறுமா என்பது மத்ஹபுக்கு மத்ஹபு வேறுபடும் சட்டம். அதை உங்கள் பள்ளி இமாமிடம் உங்கள் கணவரே கேட்கட்டும். ஆனால் பாட்டைக் கேட்க வேண்டும் என்ற முதிய தாயின் ஆசையை மணியார்டரில் அனுப்ப முடியாதல்லவா?

முதலில் காலம். நாகூரில் ஷாஹுல் ஹமீது பாதுஷா நாயகம் (ரஹ்) அவர்களின் கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்தில் பதினான்கு நாட்கள் நடைபெறுகிறது. முதல் பிறை இரவில் ஐந்து மனோராக்களிலும் கொடி ஏறும். பத்தாம் பிறை இரவில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு, விடிவதற்குள் நாகூர் வந்து சேரும். இங்கேதான் புதிதாகச் செல்பவர்கள் தவறு செய்கிறார்கள். நம் கணக்கில் இரவு முந்தியது, பகல் பிந்தியது. பத்தாம் இரவு என்றால் ஒன்பதாம் பகல் முடிந்து மஃரிபுக்குப் பின் வரும் இரவு. நாட்காட்டியில் பத்து என்று போட்ட பகலில் பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினால் சந்தனம் பூசி முடிந்திருக்கும். பிறை ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் விடுப்பிலும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிறை மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் நகர்கிறது. 2024 இல் டிசம்பர் தொடக்கத்தில் கொடியேறியது. 2028 வரை கணக்கிட்டுப் பார்த்தால் கந்தூரி அக்டோபர் பிற்பகுதிக்கும் டிசம்பருக்கும் இடையிலேயே விழுகிறது. நாகப்பட்டினம் கடற்கரையில் அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஏறக்குறைய 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை இச்சுற்று திரும்பி வரும். நான் முதன்முதலாகப் போனது 1993 நவம்பரில். அதுவும் மழைக் கந்தூரிதான். மரச்சட்டத்தில் கட்டிய தார்ப்பாயின் நடுவில் நீர் தேங்கித் தொட்டிலாகத் தொங்கி, நள்ளிரவில் மொத்தமாகப் பாய்களின்மேல் கொட்டியது. என் உம்மாவின் துப்பட்டி மூன்று நாட்களுக்கு உலரவில்லை. நாங்கள் ஊர் திரும்பிய பின், டிசம்பர் 4 அன்று காரைக்கால் அருகே கடும்புயல் கரையைக் கடந்தது. பத்து நாட்கள் முன்னதாக வந்திருந்தால் எங்கள் தார்ப்பாய் என்னவாகியிருக்கும் என்று அன்று பேசிக்கொண்டோம். ஆகவே, வானிலை அறிவிப்பில் புயல் அல்லது கனமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தை நிறுத்திவிடுவது என்று இப்போதே வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். பையைத் தூக்கிய பிறகு நிறுத்துவது யாராலும் ஆகாது.

அடுத்தது இடம். புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால் என்று நாகூர் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பேருந்தில் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கந்தூரி நாட்களில் அதற்கும் மேலாகலாம். தார்ப்பாய் என்று முடிவு செய்வதற்கு முன் காரைக்காலில் உறவினர் வீடோ விடுதியோ கிடைக்குமா என்று பாருங்கள். அங்கிருந்து நாகூர் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். பேருந்துகள் அடிக்கடி உண்டு. 2011 முதல் அகலப்பாதை இரயிலும் ஓடுகிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்கால் தாண்டினால் வேறு நாடு என்பதால், கந்தூரி மூட்டைகளைச் சுங்கச்சாவடியில் பிரித்துக் காட்ட வேண்டியிருந்ததாம். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எல்லையில் உள்ள வாஞ்சூர் நம் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தது. அங்கே மதுக்கடைகள் இருப்பதால் இரவில் அவ்வழியாகப் பெண்கள் நடந்து வருவதைத் தவிர்ப்பது நலம்.

எங்கும் இடம் கிடைக்காமல் தார்ப்பாய்தான் என்றாகிவிட்டால், கடற்கரை, வெட்டாற்றங்கரை, குளக்கரை இம்மூன்றும் வேண்டாம். சில்லடிக் கடற்கரை பகலில் காற்று வாங்க இனிய இடம். இரவில் பிள்ளைகளோடு படுக்கும் இடமன்று. சற்று மேடான தரையாகவும், கழிப்பிடத்திற்கு நடக்கும் தூரத்திலும், வேறு குடும்பங்கள் தங்கியிருக்கும் இடத்தை ஒட்டியும் பாருங்கள். தனியே ஒதுங்கித் தங்குவது பெண்களுக்கு மறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. நாலு குடும்பங்களுக்கு நடுவில் இருப்பதே பாதுகாப்பு.

தார்ப்பாயை நடுவில் உயர்த்தி இருபுறமும் சரிவாகக் கட்ட வேண்டும். கீழே விரிக்க இன்னொரு தார்ப்பாய், அதன்மேல் கோரைப்பாய். உள்ளே பழைய புடவை இரண்டைக் கயிற்றில் தொங்கவிட்டால் உடை மாற்ற மறைவிடம் ஆகிவிடும். இதையெல்லாம் நாகூரில் போய்க் கற்றுக்கொள்ளாதீர்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, உங்கள் வீட்டு மொட்டைமாடியில் கட்டி, எல்லோரும் ஓரிரவு அதனுள் படுங்கள். படுக்கும் முன் உங்கள் மகனை இரண்டு வாளித் தண்ணீரை மேலே ஊற்றச் சொல்லுங்கள். எங்கே ஒழுகுகிறது, எத்தனை போர்வை போதவில்லை, மாமியாரால் தரையிலிருந்து எழ முடிகிறதா என்பதெல்லாம் அந்த ஓரிரவில் தெரிந்துவிடும். அவர்களால் எழ முடியவில்லை என்றால் தார்ப்பாய் யோசனையை அன்றே கைவிட்டு, காரைக்காலில் மீண்டும் ஒருமுறை விசாரியுங்கள். நாத்தனார் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

பெண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒன்றைச் சொல்கிறேன். இத்தகைய பயணங்களில் நம்மை வருத்துவது கூட்டமுமல்ல, மழையுமல்ல, கழிப்பிடம்தான். போக வேண்டியிருக்குமே என்று அஞ்சித் தண்ணீரே குடிக்காமல் இருந்து, மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போய் இறங்கியதும் முதல் வேலையாகப் பெண்களுக்கான கழிப்பிடமும் குளியலறையும் எங்கே, எப்போது கூட்டம் குறைவு என்று விசாரித்துவிடுங்கள். ஃபஜ்ருக்கு முக்கால் மணி நேரம் முன்பே எழுந்தால் வரிசை இருக்காது. ஒரு வாளி, ஒரு குவளை, டார்ச் விளக்கு, சோப்பு ஆகியவை உங்கள் சொந்தப் பொருட்களாக இருக்கட்டும். இரண்டு பெண்களாகவே செல்லுங்கள். மாதவிலக்குத் துணிகளைத் தேதி கணக்குப் பார்க்காமல் எப்படியும் எடுத்து வையுங்கள்.

மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். மருந்துகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர்கள் பையிலும் உங்கள் பையிலும் வையுங்கள். இன்சுலின் போடுபவரானால், பயன்பாட்டில் உள்ள குப்பி வெயில் படாமல், அதிகச் சூடில்லாத இடத்தில் இருந்தால் ஏறக்குறைய நான்கு வாரம் கெடாது. ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானை போதும். பனிக்கட்டியின்மேல் நேராக வைத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நான்கைந்து இருக்கட்டும். கொசுவலை மறக்க வேண்டாம்.

இனிப் பிள்ளைகள் காணாமற்போவதைப் பற்றி. என் இளைய மகள் நான்கு வயதில் ஒரு கந்தூரிக் கூட்டத்தில் கைநழுவிப் போனாள். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை நான் இங்கு விவரிக்கப் போவதில்லை. தலைமுடி இறக்கி நேர்ச்சை செலுத்த வந்திருந்த இந்துப் பாட்டி ஒருவர் அவளைத் தம் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். "உன் அப்பா பெயர் என்ன?" என்று கேட்டதற்கு "வாப்பா" என்றாளாம். "எந்த ஊர்?" "எங்க வூடு." "அம்மா பெயர்?" "உம்மா." அந்தப் பாட்டியோ, "நாகூர் ஆண்டவர் வாசலில் பிள்ளை தொலைந்து போகுமா? இங்கேயே இருந்தால் தேடி வருவார்கள்" என்று இடத்தை விட்டு அசையாமல் இருந்திருக்கிறார். அவர் அசையாமல் இருந்ததால்தான் எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது. அவர் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. பெயர் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே இன்றிலிருந்தே உங்கள் மகளுக்குத் தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர் மூன்றையும் சொல்லிக்கொடுங்கள். கைப்பேசி எண்ணைச் சட்டையின் உட்புறம் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். மகனுக்கு ஒரே ஓர் அடையாளம் போதும்: பெரிய மனோரா. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்த அது 131 அடி உயரம். ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். வழி தவறினால் அதன் அடியில் வந்து நில், அசையாதே என்று சொல்லுங்கள். கைப்பேசி இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். அந்த இரவில் எத்தனையோ ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசுவதால் பல முறை இணைப்பே கிடைப்பதில்லை.

உணவுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. முதல் நாளுக்குப் புளிச்சோறும் சப்பாத்தியும் போதும். இடியாப்பமும் தேங்காய்ப்பால் சேர்த்தவையும் வழியிலேயே புளித்துவிடும். தார்ப்பாய்க்குள் அடுப்பு மூட்டவே கூடாது. நேர்ச்சைச் சோற்றுக்கு நீங்கள் கைவருத்த வேண்டாம். ஊரறிந்த பண்டாரி ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, எத்தனை படி அரிசி, எத்தனை தேக்சா, விறகும் ஆள்கூலியும் உட்பட எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டு, கடைசி நேரத்தில் இருமடங்கு கேட்கப்பட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. உங்கள் மாமியார் தம் கையால் ஒரு சகனிலாவது சோறு வைக்கட்டும். அவர்கள் நேர்ந்தது அதைத்தான்.

தொழுகையைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்படுவது நியாயமே. பயணத் தூரம் இருப்பதால் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணினால் அச்சலுகை இல்லை. ஹனஃபி மத்ஹபில் அந்த அளவு பதினைந்து நாட்கள். ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுவது ஷாஃபிஈகளுக்குப் பயணத்தில் ஆகும். ஹனஃபிகள் அவ்வாறு செய்வதில்லை. ஒரு குடும்பத்தில் மாமியார் ஒரு மத்ஹபும் மருமகள் ஒரு மத்ஹபுமாக இருப்பது நம் கடற்கரை ஊர்களில் புதிதல்லவே. ஆளுக்கொரு தொழுகை விரிப்பும், உளூவுக்கென்று தனியாக ஒரு குடம் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். பாங்கு கேட்டதும் பாட்டிலிருந்து எழுந்துவிடுவது என்று உங்கள் கணவர் ஒரு நிபந்தனை வைத்தால், அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஜுனைது (ரஹ்) வைத்த நிபந்தனைதான் அது.

கடைசியாக அந்தச் சந்தனக்கூட்டு இரவு. எகிப்தில் தன்தா நகரில் அஹ்மதுல் பதவி (ரஹ்) அவர்களின் மவ்லிதுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து கூடாரமடித்துத் தங்கி இரவெல்லாம் புகழ்ப்பாக்களைக் கேட்கிறார்கள். அஜ்மீரில் கவ்வாலி கேட்கிறார்கள். நம் நாகூரில் நகரா முழக்கமும், பக்கீர்மார்களின் தாயிராவும், தமிழ்ப் பாட்டும் ஒன்றுசேர்கின்றன. கர்நாடக இசையில் தேர்ந்த தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ. காதர் வாழ்ந்த ஊர். ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் கடைசி வரிசை வரை கேட்கும் குரல் படைத்த ஈ.எம். ஹனிபா (1925–2015) வளர்ந்த ஊர். உங்கள் மாமியார் ஆசைப்படுவதில் வியப்பில்லை. ஆனால் பாட்டைக் கேட்க நல்ல நேரம் சந்தனக்கூட்டு இரவன்று. அன்று கேட்பது பெரும்பாலும் ஒலிபெருக்கியும் வெடியோசையும் கூட்டத்தின் இரைச்சலுமே. முந்திய இரண்டு நாட்களில், இஷாவுக்குப் பின், பக்கீர்மார்கள் சிறு சிறு குழுக்களாக அமர்ந்திருக்கும்போது சற்றுத் தள்ளிப் பாயை விரித்து உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். தாயிராவில் விரல் விழும் ஒலியும், அதன் சலங்கைகள் அதிர்வதும், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதும் அப்போதுதான் காதில் துலக்கமாக விழும். ஒலிபெருக்கியின் எதிரே குழந்தைகளை உட்கார வைக்க வேண்டாம். பஞ்சு அடைத்தால் மட்டும் காது காக்கப்படாது, தூரம்தான் காக்கும்.

சந்தனக்கூட்டைப் பார்க்க நாகப்பட்டினம் போய் ஊர்வலத்தோடு நடந்து வருவது இளைஞர்களின் வேலை. உங்கள் கணவரும் அவருடைய தாயும் நாகூரிலேயே ஓர் ஓரமாக, மடக்கு நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து காத்திருக்கட்டும். கூடு எப்படியும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். நீங்கள் இரண்டு பிள்ளைகளோடும் அன்றிரவு தங்குமிடத்தை விட்டு வெளியே வராதீர்கள். உங்கள் நாத்தனார் உங்களோடு இருக்கட்டும். உங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நான்கு வயதுப் பிள்ளையை அந்த நெரிசலுக்குள் கொண்டுபோக நான் சொல்ல மாட்டேன்.

தாயும் மகனும் அப்படி நள்ளிரவு வரை பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அந்தப் பதினைந்து நாள் மௌனமும் நீடிக்காது என்று நினைக்கிறேன். மொட்டைமாடிச் சோதனை எப்படி இருந்தது என்று எழுதுங்கள். தண்ணீர் ஊற்ற மகனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது. நிறுத்தத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.